குறைமாதக் குழந்தை அழும்வரை காத்திருக்காதீர்கள்: 34 முதல் 36 வாரத்தில் பிறந்தவர்களுக்குத் தாய்ப்பால் கொடுக்கும் வழி

என் பையன் 35 வாரம் 4 நாளில் பிறந்தான். எனக்கு பிரஷர் ஏறிக்கொண்டே போனதால் இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று சிசேரியன் செய்துவிட்டார்கள். எடை 2 கிலோ 180 கிராம், மூச்சு நன்றாக இருக்கிறது, இன்குபேட்டர் எல்லாம் வேண்டாம் என்று என் பக்கத்திலேயே படுக்க வைத்தார்கள், நான்காம் நாள் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், பையன் அழவே இல்லை, நாலு மணி நேரம் அஞ்சு மணி நேரம் என்று ஒரே தூக்கம். பார்க்க வந்த பெரியம்மா, சித்தி எல்லாரும் "என்ன சமத்து, அம்மாவைப் படுத்தவே இல்லை பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறாம் நாள் காலையில் என் அத்தைதான் உள்ளங்காலைப் பார்த்துவிட்டு "என்னம்மா இது, மஞ்சள் பூசின மாதிரி இருக்கு" என்றார். தூக்கிக்கொண்டு ஓடினோம். எடை 1 கிலோ 940. மஞ்சள் காமாலைக்காக இரண்டு நாள் நீல விளக்குக்குக் கீழே கிடந்தான். சமத்தும் இல்லை ஒன்றும் இல்லை, பால் போதாமல் சோர்ந்து கிடந்திருக்கிறான்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "குழந்தை கேட்கும்போது கொடு" என்று எல்லாரும் சொல்வது நிறைமாதக் குழந்தைக்குச் சரி. 34 வாரத்திலிருந்து 36 வாரம் 6 நாளுக்குள் பிறந்த குழந்தைக்குக் கேட்கத் தெரியாது. டாக்டர் சொன்ன பிரசவத் தேதி வரும்வரை, அதாவது அது வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டிய நாள் முடியும்வரை, நீங்கள்தான் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். 37, 38 வாரத்தில் பிறந்த சில குழந்தைகளும் இப்படித்தான் நடந்துகொள்ளும், அவர்களுக்கும் இது பொருந்தும்.

ஏன் இப்படி? பார்க்க நிறைமாதக் குழந்தை மாதிரியே, கொஞ்சம் ஒல்லியாக இருக்கும், அதுதான் நம்மை ஏமாற்றுவது. உள்ளே கதை வேறு. 35 வாரத்தில் மூளையின் எடை நிறைமாதத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றோடொன்று மோதாமல் செய்யும் திறமை 34 வாரத்தை ஒட்டித்தான் வரத் தொடங்குகிறது, அது படிய இன்னும் சில வாரம் ஆகும். கன்னத்தில் கொழுப்பு கிடையாது, தாடையில் பலம் கிடையாது, அதனால் ஐந்து நிமிடம் சப்பினாலே களைத்துத் தூங்கிவிடும். தோலுக்கடியிலும் கொழுப்பு குறைவு என்பதால் சீக்கிரம் குளிர்ந்துபோகும், குளிர்ந்தால் இருக்கிற சர்க்கரையை எரித்துச் சூட்டைக் காப்பாற்றப் பார்க்கும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் இன்னும் தூக்கம், இன்னும் குறைவாகப் பால். இந்தச் சுழலை எங்காவது வெட்டிவிட வேண்டும், கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான். (எட்டு மாதத்தில் பிறந்தால் தங்காது, ஏழு மாதத்தில் பிறந்தால் தங்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடுதலாக இருப்பதும் லாபம்தான்.)

முதல் வேலை: தோலோடு தோல்

பிறந்ததும், அல்லது டாக்டர் சரி என்று சொன்னதும், குழந்தைக்கு டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு உங்கள் வெறும் நெஞ்சில் நிமிர்ந்தவாறு சாய்த்து, மேலே ஒரு துணியால் கட்டிக்கொள்ளுங்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பி மூக்கு வெளியே தெரிய வேண்டும், கழுத்து மடங்கக் கூடாது, கால்கள் தவளை மாதிரி விரிந்திருக்கும். இதுதான் கங்காரு பராமரிப்பு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர் போதாமல்தான் இது ஆரம்பித்தது. இப்போது உலக சுகாதார நிறுவனமே, குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் பிறந்த உடனேயே தொடங்கி ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் இப்படி வைத்திருக்கச் சொல்கிறது, 2022-ல் வந்த பரிந்துரை அது. நீங்கள் குளிக்கப் போகும்போது, அசந்து தூங்கும்போது அப்பா வாங்கிக்கொள்ளட்டும், அவர் நெஞ்சும் சூடுதான். என் கணவர் முதல் நாள் கூச்சப்பட்டார், மூன்றாம் நாள் கேட்டு வாங்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். ஸ்வெட்டர், சாக்ஸ், இரண்டு போர்வை என்று மூட்டையாகக் கட்டித் தொட்டிலில் போட்டால் குழந்தை தூங்கும், அவ்வளவுதான். நெஞ்சில் இருந்தால் பால் வாசனைக்குத் தானே தலையைத் தூக்கி வாயைத் திறந்து தேடும், உங்களுக்கும் பால் இறங்கும்.

இரண்டாவது: கையால் பீய்ச்சுவது

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. குழந்தை பலவீனமாகச் சப்புகிறது என்றால் மார்பு முழுதாகக் காலியாகாது, காலியாகாத மார்பு "இவ்வளவு போதும்போல" என்று நினைத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். இரண்டு வாரம் கழித்துக் குழந்தைக்குப் பலம் வரும்போது குடிக்கப் பால் இருக்காது. ஆகவே முதல் ஒரு மணி நேரத்துக்குள், முடியாவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள், கையால் பீய்ச்சத் தொடங்குங்கள். சிசேரியன் ஆனவர்களுக்கும், சர்க்கரை அல்லது ரத்தசோகை இருப்பவர்களுக்கும் பால் இறங்க மூன்று நாலு நாள்கூட ஆகலாம், அவர்கள் இதை விடவே கூடாது.

சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்து ஆறிய சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்று போதும். மார்பை உள்ளங்கையால் மெதுவாக வட்டமாகத் தடவிவிட்டு, கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும், காம்பிலிருந்து மூன்று நாலு சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் விரல்களை நெஞ்செலும்புப் பக்கமாகப் பின்னால் அழுத்தி, அப்புறம் இரண்டு விரலையும் ஒன்றையொன்று நோக்கி அமுக்கி, விடுங்கள். அமுக்கு, விடு, அமுக்கு, விடு. காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், தோலில் விரலைச் சறுக்கவும் வேண்டாம், வலித்தால் தவறாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் வராது, பயப்படாமல் விரல்களைச் சுற்றி இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். முதல் நாள் சொட்டுச் சொட்டாக மஞ்சளாக, பிசுபிசுப்பாக வருவதுதான் சீம்பால். கெட்டியாக இருப்பதால் இதற்குப் பம்ப்பைவிடக் கைதான் நல்லது, பம்ப்பில் பாதி ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். மூன்றாம் நாளுக்கு மேல் பம்ப் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பீய்ச்ச வேண்டும், அதில் ஒன்று நடுராத்திரிக்கு மேல், ஏனென்றால் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம்.

"இவ்வளவுதான் வருது, ஸ்பூன்கூட நிரம்பலை" என்று பக்கத்து பெட்டில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். முதல் நாள் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லிதான் கணக்கு. இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30 மில்லி என்று அதுவாக ஏறும். குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் கூடுதலாகவே இருக்கும், ஒரு சொட்டையும் வீணாக்காதீர்கள்.

மூன்றாவது: எழுப்புவது

ஒரு வேளை தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்த வேளை தொடங்கும்வரை இரண்டரை மணி நேரம், அதிகம் போனால் மூன்று. ராத்திரியும் அதேதான், அலாரம் வையுங்கள். ஒரு நாளில் 8 முதல் 12 வேளை வந்துவிடும். "தூங்குற பிள்ளையை எழுப்பாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், சண்டை போடாமல் "டாக்டர் சொல்லியிருக்கார் அத்தை" என்று சொல்லிவிடுங்கள், அது எப்போதும் வேலை செய்யும். எழுப்புவதற்குத் தண்ணீர் தெளிப்பது, உள்ளங்காலைச் சுண்டுவது எல்லாம் வேண்டாம். போர்வையை எடுங்கள், டயப்பரை மாற்றுங்கள், முதுகை மேலும் கீழும் நீவுங்கள், நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நேராக வெளிச்சம் அடித்தால் கண்ணை மூடிக்கொள்ளும், விளக்கைக் குறைத்தால் திறக்கும். அழுகை பசியின் கடைசி அடையாளம், அதற்கு முன்னாலேயே கையை வாயில் வைப்பது, நாக்கை நீட்டுவது, தலையைத் திருப்பித் தேடுவது எல்லாம் வரும். குறைமாதக் குழந்தையிடம் இவையும் ஒரு நிமிடம் வந்து மறைந்துவிடும், பார்த்த கையோடு எடுத்துவிட வேண்டும்.

நான்காவது: பிடிக்க வைப்பது

மடியில் சாதாரணமாகப் படுக்க வைத்துக் கொடுக்கும் நிலையில் இந்தக் குழந்தையின் தலை மார்போடு நிற்காது. இரண்டு நிலைகள் நன்றாக வரும். ஒன்று, குழந்தையின் உடம்பை உங்கள் கக்கத்துக்குக் கீழே, கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி தலையணை மேல் வைத்து, உள்ளங்கையால் கழுத்தையும் தோளையும் தாங்குவது. சிசேரியன் தையல்மேல் பாரம் விழாது என்பதால் எனக்கு இதுதான் கைகொடுத்தது. இன்னொன்று, இடது மார்புக்கு வலது கையால் குழந்தையைத் தாங்கிக் குறுக்காகப் பிடிப்பது. எதிலும் பின்மண்டையை அமுக்காதீர்கள், அமுக்கினால் அது பின்னால்தான் தள்ளும். குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும், மேலுதட்டில் காம்பால் வருடினால் வாயைப் பெரிதாகத் திறக்கும், அந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள். மோவாய் மார்பில் புதைந்து, கீழுதடு வெளியே மடங்கி, கருவளையம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் பிடி சரி.

பிடி நழுவிக்கொண்டே இருந்தால், மார்பைத் தாங்கும் கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு கிண்ணம் மாதிரி செய்து, குழந்தையின் மோவாயையும் இரண்டு கன்னத்தையும் அதில் லேசாகத் தாங்குங்கள். அதன் பலத்துக்கு உங்கள் பலத்தை இரவல் கொடுப்பது மாதிரி. சப்புவதை நிறுத்தும்போது மறு கையால் மார்பை மெதுவாக அமுக்கினால் பால் வாய்க்குள் வரும், மறுபடி விழுங்கும்.

வாய் வைத்திருப்பதும் பால் குடிப்பதும் ஒன்றல்ல, என் பையன் நாற்பது நிமிடம் வாய் வைத்துக்கொண்டு கிடந்தான், நானும் வயிறு நிறைய குடிக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மோவாயைக் கவனியுங்கள். குடிக்கிற குழந்தையின் மோவாய் ஆழமாகக் கீழே இறங்கி, ஒரு கணம் நின்று, பிறகு மேலே வரும், விழுங்கும் சத்தம் மெல்லக் கேட்கும். படபடவென்று துடிப்பது மாதிரி சின்னதாகச் சப்பிக்கொண்டே இருந்தால் பால் போகவில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து அரை மணிக்கு மேல் மார்பில் வைத்திருக்காதீர்கள், அதற்கு மேல் போனால் உள்ளே போகும் பாலைவிடச் செலவாகும் சக்திதான் அதிகம்.

ஐந்தாவது: மார்புக்குப் பிறகு பாலாடை

எடை நன்றாக ஏறத் தொடங்கும்வரை ஒவ்வொரு வேளையும் மூன்று பாகம்: அரை மணி மார்பில், அப்புறம் முன்பே பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்), அப்புறம் அடுத்த வேளைக்காகப் பீய்ச்சுவது. எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் தூங்கவே முடியாது. இதற்கு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் நான் பீய்ச்ச, அத்தை பாலாடையில் கொடுக்க, என் கணவர் கழுவிக் கொதிக்க வைக்க என்று பிரித்துக்கொண்டோம். எவ்வளவு கொடுப்பது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், தோராயமாக ஒரு வாரம் ஆன குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 150 மில்லி என்று கணக்கு. 2 கிலோ 200 கிராம் குழந்தைக்கு 330 மில்லி, எட்டு வேளைக்குப் பிரித்தால் ஒரு வேளைக்கு நாற்பது மில்லியை ஒட்டி, அதில் மார்பில் குடித்தது போக மீதி.

பாலாடை கொடுக்கும்போது குழந்தை விழித்திருக்க வேண்டும், தலை உயர்ந்து கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையில் இருக்க வேண்டும். பாலாடையின் மூக்கைக் குழந்தையின் வாயோரத்தில் வைத்துக் கொஞ்சமாகச் சாயுங்கள், விழுங்கியதும் அடுத்தது. வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். தூக்கத்தில் படுக்கவைத்துச் சங்கில் புகட்டும் பழைய வழக்கம் இந்தக் குழந்தைக்கு ஆகவே ஆகாது. பாட்டிலும் வேண்டாம், வேகமாகப் பால் வருவதால் மூச்சும் விழுங்குவதும் குழம்பும், சுத்தம் செய்வதும் கஷ்டம்.

பீய்ச்சிய பால் நம் ஊர்ச் சூட்டில் வெளியே வைத்தால் நாலு மணி நேரம்தான் தாங்கும், ஃப்ரிட்ஜின் உள்பக்கம் (கதவில் அல்ல) வைத்தால் இந்தச் சின்னக் குழந்தைக்கு ஒரு நாளுக்குள் கொடுத்துவிடுவது நல்லது. வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடு காட்டுங்கள், அடுப்பிலும் மைக்ரோவேவிலும் வேண்டாம்.

உங்கள் பால் போதவில்லை என்றால் அடுத்தது தாய்ப்பால் வங்கிப் பால், சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உட்படச் சில பெரிய அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஃபார்முலா. அதை வாங்கியதற்காக யாரும் உங்களைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். குழந்தைக்குப் பால் போக வேண்டும், உங்கள் சுரப்பும் குறையக் கூடாது, இரண்டும் ஒன்றாக நடக்கலாம். பசும்பாலில் தண்ணீர் கலப்பது, சேனை வைக்கத் தேன் அல்லது சீனித்தண்ணீர் தொடுவது, கழுதைப்பால், உரைமருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் ஒன்றும் வேண்டாம். வயிற்றில் இடமே கொஞ்சம்தான், அதைச் சீம்பாலுக்கு விட்டுவிடுங்கள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதையும் கேட்காதீர்கள், தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். பால்சுறாவும் பூண்டும் பிடித்தால் சாப்பிடுங்கள், ஆனால் சுரப்பைக் கூட்டுவது பீய்ச்சுவதுதான்.

எது சரியாகப் போகிறது, எது இல்லை

ஒரு பழைய நோட்டில் நேரம், எந்தப் பக்கம், எத்தனை மில்லி, ஈரம், மலம் என்று எழுதி வையுங்கள், ராத்திரி மூன்று மணிக்கு ஞாபகம் என்று ஒன்று இருக்காது. முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை என்று ஏறி, ஐந்தாறு நாளில் தினம் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போக வேண்டும். கறுப்பு மலம் பச்சையாகி ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாற வேண்டும், இன்னும் கறுப்பாகவே போனால் பால் போதவில்லை. வீட்டுக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் ஒரு முறை காட்டி எடை பாருங்கள், பிறந்த எடையில் 7 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பாலூட்டுவதை யாராவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், 10 சதவீதம் என்றால் அன்றே டாக்டர். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும், அதன்பின் தினம் 20 முதல் 30 கிராம். ஒரே தராசு, துணி இல்லாமல். இங்கே ஒரு மெஷினில், அங்கே ஒரு மெஷினில் பார்த்து நான் இரண்டு நாள் வீணாக அழுதேன்.

மஞ்சள் காமாலை நிறைமாதக் குழந்தைக்கு மூன்று முதல் ஐந்தாம் நாளில் உச்சம் தொடும், இவர்களுக்கு ஐந்து முதல் ஏழாம் நாள், அதாவது வீட்டுக்கு வந்த பிறகு. காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று நம்பி உட்காராதீர்கள், வெயில் சிகிச்சை இல்லை, குளிரும் வெப்பமும் தாக்கும் அபாயம்தான் உண்டு. உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானால், அடுத்தடுத்து இரண்டு வேளை எழுப்பியும் குடிக்காவிட்டால், எட்டு மணி நேரம் சிறுநீர் இல்லாவிட்டால், உடம்பு தொட்டால் சில்லென்றோ சுட்டாலோ, மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினாலோ, குடிக்கும்போது உதடு நீலமானாலோ காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்கள். சின்னச் சந்தேகங்களுக்குத் தமிழ்நாட்டில் 104 இருக்கிறது, கிராம சுகாதாரச் செவிலியரும் வீட்டுக்கு வருவார், அவரிடம் எடை பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி, இரும்புச்சத்து சொட்டு மருந்து எப்போது என்றும் டாக்டரிடம் மறக்காமல் கேளுங்கள், இரும்பு சேமிப்பு இவர்களுக்குக் குறைவு.

நிறுத்துவது எப்போது

பாலாடையையும் பீய்ச்சுவதையும் ஒரே நாளில் விட்டுவிடாதீர்கள். எடை ஒரு வாரமாக ஒழுங்காக ஏறுகிறது, குழந்தை தானாக எழுகிறது, விழுங்கும் சத்தம் தொடர்ந்து பத்து நிமிடமாவது கேட்கிறது என்றால், குழந்தை சுறுசுறுப்பாகக் குடிக்கும் வேளை எதுவோ (எங்களுக்கு அதிகாலை நாலு மணி) அந்த ஒரு வேளைக்கு மட்டும் பாலாடையை நிறுத்திப் பாருங்கள். மூன்று நாள் கழித்து அதே தராசில் எடை. ஏறியிருந்தால் இன்னொரு வேளையை நிறுத்துங்கள், ஏறவில்லையென்றால் திரும்பக் கொடுத்துவிட்டு இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தப் பிரசவத் தேதியை ஒட்டி ஏதோ ஒரு நாளில் சட்டென்று பிடி வந்துவிடும். எங்கள் பையன் தேதிக்கு மூன்று நாள் முன்னால், அலாரம் அடிப்பதற்கு இருபது நிமிடம் இருக்கும்போதே, வீடே எழுந்துகொள்கிற மாதிரி கத்தி அழுதான். அத்தை தூக்கக் கலக்கத்தில் பாலாடையைத் தேடினார், நான் வேண்டாம் என்று சொல்லி அவனை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டேன்.